யூதாஸ் சாவு உபகமிட்டி

யூதாஸ் எப்படிச் செத்தான் என்பதைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் கிடையாது. நான் ஆர்மோனியக்காரன். மேடையில் ஒருவன் செத்தால் அவன் சாகிற சுருதிக்குத் தகுந்தபடி முகாரி வாசிப்பேன். ஏன் செத்தான், எந்த வழியில் செத்தான் என்று கேட்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. ஆனால் எழுபத்தொன்றாம் வருஷம் காரைக்குடியில் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தவர்கள் அடித்த கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எரிச்சலும் உண்டு.

கழனிவாசல் போகிற சாலையில் அப்போது ஒருமனச் சுவிசேஷ சபை என்று ஒரு சிறிய சபை இருந்தது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரைத் தெளிப்பதா, ஊற்றுவதா என்று வேறொரு சபையோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்தவர்கள் கட்டியது அது. பிரிந்து வருவதில் எல்லோருக்கும் ஒரே மனசாக இருந்ததால் அந்தப் பெயர். வந்த பிறகு, தெளிப்பதா ஊற்றுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தச் சபைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபைக்கு எதிரே உள்ள பொட்டலில் இயேசுநாதரின் பாடுகளை நாடகமாகப் போடுவது என்று தீர்மானித்தார்கள். இயேசு வேஷத்துக்குப் போதகரின் மைத்துனர். சீஷர்கள் வேஷத்துக்கு அடிதடி. ஆனால் முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் சபையில் ஒருவரும் கை தூக்கவில்லை. யூதாஸாக நடித்தவன் வீட்டில் நாளைக்கு யார் சம்பந்தம் செய்வார்கள்? ஆகவே பாவத்தைச் சுமக்க வெளியாள் தேடி, சபைக்குப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த என் மூலமாக, மானகிரி குழந்தைவேலுவிடம் வந்து சேர்ந்தார்கள்.

குழந்தைவேலுவுக்கு மானகிரியில் கொஞ்சம் நிலமும் நிறைய உடம்பும் உண்டு. கோயில் திருவிழா நாடகங்களில் எமன் வேஷம் கட்டுவான். அவன் மேடையில் குதித்து இறங்கினால் முன்வரிசைக் குழந்தைகள் அழும், பின்வரிசையில் விசில் பறக்கும். பாசக்கயிறு வீசி எத்தனையோ பேரைக் கொன்றவன், தான் ஒரு தடவைகூடச் செத்ததில்லை என்பது அவனுக்கு நெடுநாள் குறை. யூதாஸ் கடைசியில் சாகிறான் என்று நான் சொன்னதுமே சம்மதித்துவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

எங்கள் பக்கத்து நாடகக்காரர்களுக்கு ஒரு கட்டு உண்டு. மேடையில் செத்தவனைத் திரை இறங்குவதற்குள் அவன் வீட்டு ஆள் ஒருத்தர் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேஷத்துப் பெயரை விட்டுவிட்டு அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் எழுந்து நின்ற பிறகுதான் மங்களம். எழுப்பாமல் விட்டால் அந்தச் சாவு அவனோடு வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை.

"அது ஒண்ண மட்டும் ஒத்துக்கிட்டீகன்னா போதும்யா. என் வீட்டுக்காரி வந்து எழுப்பிருவா. மத்தபடி நீங்க சொல்றபடி சாகுறேன்" என்றான் குழந்தைவேலு.

சபைக் கமிட்டியின் செயலாளர் மாசிலாமணி பத்திரப்பதிவு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளி பேசும்போது காது கொடுக்கிற பழக்கம் அவருக்குப் பணியிலேயே இருந்ததில்லை. "ஏனையவை ஏற்கப்பட்டன" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

முதல் ஒத்திகையில் குழந்தைவேலு நியாயமான ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த ஆளு எப்படிய்யா செத்தான்?"

ஜெபக்கூடத்தில் எல்லோரும் செய்த வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். நான்கூட ஆர்மோனியத் துருத்தியிலிருந்து கையை எடுத்தேன்.

"தூக்குப் போட்டுக்கொண்டான்" என்றார் மாசிலாமணி. "மத்தேயு அப்படித்தான் எழுதியிருக்கிறார்."

"விழுந்து செத்தான்" என்றார் எதிர்ப் பெஞ்சிலிருந்து அடைக்கலம். இவர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். "தலைகுப்புற விழுந்து, வயிறு வெடித்து, குடல் வெளியே வந்தது. லூக்கா தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் வைத்தியர், தெரியுமோ இல்லையோ?"

போதகர் ஞானாபரணம் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "மாசிலாமணி சொல்வது சரி. அடைக்கலம் சொல்வதும் சரி" என்றார். அவர் இருபது வருஷமாக அந்தச் சபையில் வேலையில் இருப்பது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

"ரெண்டும் எப்படிய்யா சரியா வரும்?" என்றான் குழந்தைவேலு. "ஒண்ணச் சொல்லுங்க, செத்துட்டுப் போறேன்."

அப்போதுதான் அவனுக்கு உபகமிட்டியைப் பற்றித் தெரியவந்தது. அதன் முழுப்பெயர், 'முரண்பாடுபோல் தோன்றும் வசனங்களை ஒத்திசைவிக்கும் உபகமிட்டி.' வெளியாட்கள் முரண்பாட்டுக் கமிட்டி என்று சுருக்கமாகச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். மாசிலாமணி எழுந்து, பதிவு ஆபீஸ் குரலில் விளக்கினார்.

"வேதத்தில் முரண்பாடு என்பதே இல்லை. இல்லை என்பதை நிரூபிக்கத்தான் இந்த உபகமிட்டி பல வருஷமாக இரவு பகலாக உழைக்கிறது. இருப்பதாக யாருக்காவது தோன்றினால் அது தோன்றுகிறவரின் குற்றம். யூதாஸ் விஷயத்தை உபகமிட்டி எடுத்துக்கொள்கிறது. தீர்மானம் வரும்வரை யூதாஸ் சாகக் கூடாது என்று ஒத்திவைக்கப்படுகிறது."

சாவு ஒத்திவைக்கப்பட்டதில் குழந்தைவேலுவுக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

மற்ற விஷயங்களை உபகமிட்டி ஒவ்வொன்றாக ஒத்திசைவித்தது. பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவியது ஒரு தடவை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், இரண்டு தடவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சேவல் கூவ வேண்டியவன் நான், ஆர்மோனியத்தில். முதல் கூவலை மேடையில் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கும்படியும் இரண்டாவதைப் பொட்டல் முழுக்கக் கேட்கும்படியும் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படி வாசித்தால், ஒன்று என்று கேட்டவனும் பொய் சொல்லவில்லை, இரண்டு என்று கேட்டவனும் பொய் சொல்லவில்லை. எந்தச் சேவலும் இப்படிக் கூவாது என்றேன். சேவலின் கருத்து கேட்கப்படவில்லை என்றார்கள்.

அடுத்து யூதாஸின் நிலம். அவன் எறிந்துவிட்டுப் போன காசில் ஆசாரியர்கள் வாங்கினார்கள் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. அவனே வாங்கினான் என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது. இதற்குப் பல வாரம் ஆகும் என்று நான் பயந்தேன். மாசிலாமணி ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. பினாமி."

இதைக் கேட்டதும் குழந்தைவேலுவின் முகம் மலர்ந்தது. அந்த ஒத்திகைகளில் அவனுக்கு முழுசாகப் புரிந்த வேதவிளக்கம் இது ஒன்றுதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் பண்ணையாள் பேரிலும் பிறக்காத பிள்ளை பேரிலும் நிலம் எழுதிவைத்தவர்கள் உண்டு. "அட, நம்ம கல்லல் பக்கத்து ஆளு மாதிரியில்ல இருக்கான்!" என்று யூதாஸின் மேல் அவனுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனால் சாவு மட்டும் முடியவில்லை. கயிற்றுக் கட்சி ஒரு பெஞ்சிலும் குடல் கட்சி எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்தன. கயிற்றுக் கட்சி நாளில் குழந்தைவேலுவைக் கிளையில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். குடல் கட்சி நாளில் அடைக்கலம் வாத்தியார் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்குடல் வாங்கிவந்து சிவப்புச் சாயத்தோடு துணிப்பையில் போட்டு அவன் வயிற்றில் கட்டி, எந்தக் கோணத்தில் விழுந்தால் எவ்வளவு சரியும் என்று பாடம் நடத்தினார். பங்குனி வெயில். ஒத்திகை முடிந்து குழந்தைவேலு மானகிரிக்குச் சைக்கிளில் போனால் வழியெல்லாம் நாய்கள் கூடவே போயின. அவன் மனைவி முத்தழகு அவனை வாசலிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள்.

"சித்திரை பொறந்தா எனக்குத் தொடர்ந்து நாடகம் இருக்குப்பா, நாகநாதா" என்றான் ஒருநாள் என்னிடம். "எமன் வேசத்துக்குக் காலுதான் மூலதனம். இவுக சண்டையில என் கால ஒடிச்சிறப் போறாக."

வேண்டாம் என்று விட்டுவிடச் சொன்னேன். சொன்ன வாக்கு என்றான்.

கடைசியில் தலைமைச் சபையிலிருந்து டாக்டர் வேதரத்தினம் வரவழைக்கப்பட்டார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. வெளிநாட்டில் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் கோட்டைக் கழற்றாமல் நெடுநேரம் பேசினார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"யூதாஸ் ஒரு பாறை விளிம்பில் உள்ள மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டான். ஆகவே மத்தேயு சரி. கயிறு அறுந்தது. தலைகுப்புற விழுந்தான். ஆகவே லூக்கா சரி. இதில் என்ன முரண்பாடு? ஒருவர் முன்பாதியைச் சொன்னார், ஒருவர் பின்பாதியைச் சொன்னார். ஞானத்தோடு பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்."

கூடம் முழுக்க அல்லேலூயா. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தைவேலு மெல்லக் கையைத் தூக்கினான்.

"கழுத்துல மாட்டித் தொங்குனவன் கயிறு அறுந்தா காலு கீழ இருக்கிற மாதிரித்தானய்யா விழுவான்? தலைகுப்புற எப்படி விழுறது?"

டாக்டர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். "தம்பி, அது நடைமுறைச் சிக்கல். வேதச் சிக்கல் அல்ல. வேதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நடைமுறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

நடைமுறையை நாங்கள் பார்த்துக்கொண்டோம். சவுக்குக் கட்டையில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு பரண் கட்டிச் சாக்கால் மூடிப் பாறையாக்கினோம். மேலே ஒரு பூவரசங்கிளை. எமன் அந்தரத்தில் இறங்குவதற்கு மார்பில் கட்டுகிற தோல்வாரை அங்கிக்குள் கட்டி, கயிற்றை அதில் கோத்து, கழுத்தில் சும்மா ஒரு சுருக்கு. கயிறு மெல்லியது, பாதி அறுத்து வைத்தது; ஓர் உதறு உதறினால் போதும். கீழே பாறையடியில், முன்வரிசைக்குத் தெரியாதபடி சாக்கு விரித்து மூடிய இரண்டு வண்டி வைக்கோல். குழந்தைவேலு ஒருதரம் விழுந்து பார்த்துவிட்டு, "மெத்தை மாதிரி இருக்கு" என்றான்.

டாக்டர் ஒத்திசைவித்தது வசனங்களைத்தான், கட்சிகளை அல்ல. கயிறு சீக்கிரம் அறுந்தால் விழுந்துதான் செத்தான் என்று ஆகிவிடும். ஆகவே அவன் முதலில் தொங்கிச் சாவதைச் சபை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. நாடகத்தன்று எங்களிடம் சொல்லாமல் மெல்லிய கயிற்றை அவிழ்த்துவிட்டு, கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற தடித்த வடத்தைக் கட்டிவைத்தார். அதே சாயங்காலம் அடைக்கலம் வாத்தியாரும் மேடையைச் சோதித்தார். "வைக்கோலில் விழுந்தால் வயிறு எப்படி வெடிக்கும்? வைக்கோல் எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்டு, அதை வாரிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டார். வசனத்தில் இல்லாத வைக்கோலை மாடு தின்றது.

பொட்டல் நிறைந்திருந்தது. எமன் சாகிறான் என்று கேள்விப்பட்டு மானகிரியே திரண்டு வந்திருந்தது. கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். நான் சேவலாக ஒன்றேகால் தடவை கூவினேன். குழந்தைவேலு வெள்ளிக்காசை வீசி எறிந்துவிட்டுப் பரண் ஏறினான். உண்மையாகவே அழுதான்; அழுத கண்ணோடு வாரில் கோத்துக்கொண்டதில் கயிறு மாறியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. குருவைக் காட்டிக்கொடுத்தவன் அழுகிற அழுகையை அன்றுதான் நான் பார்த்தேன். என் விரல்கள் தானாக முகாரியில் விழுந்தன.

தொங்கினான். உதறினான். கயிறு அறவில்லை. இன்னொரு தரம் உதறினான். கழுத்தில் சும்மா கிடந்த சுருக்கு இறுகியது. மூன்றாவது தரம் அவன் உதறியது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுவதற்குள் பூவரசங்கிளையே முறிந்தது. கயிறும் கிளையுமாக அவன் வெறுந்தரையில் வந்து விழுந்தான். கால் முறிந்த சத்தம் ஆர்மோனியத்தைத் தாண்டிக் கேட்டது. வயிற்றுப் பை வெடித்து ஆட்டுக்குடல் முன்வரிசையில் இருந்த டாக்டர் வேதரத்தினத்தின் கோட்டில் போய் விழுந்தது.

பொட்டல் கைதட்டி ஓயவில்லை. குழந்தைவேலு அசையவில்லை.

நான் வாசிப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். மேடையில் எனக்கு முன்னால் உபகமிட்டி வந்து நின்றது.

"கவனித்தீர்களா, கயிறு அறுபடவே இல்லை!" என்றார் மாசிலாமணி. "தொங்கியபோதே முடிந்துவிட்டது."

"குடல் எப்போது வந்தது? விழுந்த பிறகு. உயிர் இருந்தால்தானே ரத்தம் இந்த வேகத்தில் வரும்?" என்றார் அடைக்கலம்.

"அது சாயம்யா! வழிய விடுங்க, ஆளைப் பார்ப்போம்!" என்று நான் கத்தினேன்.

"இருவர் சொல்வதும் சரிதான்" என்றார் போதகர்.

யாரோ டாக்டரைக் கூப்பிடு என்றார்கள். டாக்டர் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது முத்தழகு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு மேடை ஏறினாள். மாசிலாமணி குறுக்கே கையை நீட்டினார். "அம்மா, யூதாஸ் உயிர்த்தெழக் கூடாது. உயிர்த்தெழ வேண்டியவர் வேறு. அது கடைசிக் காட்சி."

"தள்ளுங்கய்யா அங்குட்டு!"

அவள் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து தண்ணீரைத் தெளித்தாள். பிறகு வாயைத் திறந்தவள் திணறினாள். கட்டிய நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். பொட்டல் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குழந்தைவேலு!" என்று கத்தினாள். "ஏ குழந்தைவேலு! எந்திரிய்யா!"

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நாகநாதா, ரெண்டுல எதுல செத்தேன்?" என்று கேட்டான். நாங்கள் தூக்கி நிறுத்தினோம். ஒற்றைக் காலில் நின்று கும்பிட்டான். கடைசிக் காட்சியில் போதகரின் மைத்துனர் கல்லறையிலிருந்து எழுந்தபோது பொட்டலில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சித்திரையில் எமன் வேஷத்துக்குக் கல்லலிலிருந்து வேறொருவன் வந்தான். குழந்தைவேலு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். கட்டுக் கட்டியவர், நடக்கலாம், குதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். குதிக்காத எமனை எந்த ஊரில் கூப்பிடுவார்கள்? அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அப்படி ஒருநாள் இருந்தபோது மாசிலாமணியும் அடைக்கலமும் சாத்துக்குடியோடு வந்தார்கள். மூன்று வாரம் கழித்தாவது வந்தார்களே என்று எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. அவசரப்பட்டுவிட்டேன்.

"ஒரு சின்ன விசாரணை" என்றார் மாசிலாமணி. "உலகத்தில் இரண்டு விதமாகவும் செத்த அனுபவம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். உயிர் போனதுபோல் இருந்தது தொங்கும்போதா, விழுந்த பிறகா?"

அடுப்படியிலிருந்து முத்தழகு வந்தாள்.

"இவுக கீழ கெடந்தப்ப உங்கள்ல ஒருத்தராச்சும் குனிஞ்சு மூக்குல கைய வச்சுப் பாத்தீகளா? அந்த யூதாசு கெடந்தப்பவும் ஒருத்தரும் கிட்டப் போயிருக்க மாட்டாக. எட்ட நின்னு பாத்தா ஆளுக்கு ஒண்ணாத்தான் சொல்லுவாக. இதுக்கு ஒரு கமிட்டி!"

"மூன்றாம் கருத்து" என்றார் மாசிலாமணி அடைக்கலத்திடம், மகிழ்ச்சியோடு. பிறகு பையிலிருந்து தீர்மானத்தை எடுத்து வாசித்தார். "யூதாஸ் எழுந்தது வசனத்துக்கு முரண்போல் தோன்றினாலும், எழுந்தவர் குழந்தைவேலு ஆதலால் முரண்பாடு இல்லை. விழுந்தவர் யூதாஸ் ஆதலால், குழந்தைவேலுவின் கால் குறித்து உபகமிட்டிக்குப் பொறுப்பு எழவில்லை. மேலும் கால் குறித்து வேதத்தில் ஒன்றும் கூறப்படவில்லை."

குழந்தைவேலு கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "அப்ப நான் செத்தேனா இல்லையாய்யா? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க."

"அது ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது" என்றார் மாசிலாமணி.

முத்தழகு உள்ளே போனாள். மாடத்தில் இருந்த அதே செம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சளும் தண்ணீரும் அதில் இருந்தன.

"செத்துக் கெடக்கிறது இவுக இல்ல" என்றாள். "நீங்கதான். பேரு சொல்லிக் கூப்பிட உங்க வீட்டு ஆளுகளக் கூட்டிட்டு வாங்க. தண்ணி நான் தாரேன்."

இரண்டு பேரும் மஞ்சள் வழிய வழிய வாசலுக்கு ஓடினார்கள். தெருவில் இறங்கியதும் மாசிலாமணி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெளித்துவிட்டாளே!" என்றார். "தெளிக்கவில்லை, ஊற்றினாள்" என்றார் அடைக்கலம். "தெளித்தாள்." "ஊற்றினாள், என் சட்டையைப் பாரும்." சாலை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நின்ற நான் சொல்கிறேன். அவள் செம்போடு வீசினாள்.